புத்தளத்து உப்பும் பிள்ளையின் கழுத்தும்

‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆனது என்று சொல்வார்கள். அங்கே கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள்.

கடல் உப்புதானே, அயடின் தானாவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கடல் மீனில் அயடின் உண்டு. வெயிலில் விளைந்த உப்பில் மிகக் குறைவு. மழை கூடிய இடங்களில் மண்ணிலுள்ள அயடினும் கழுவுண்டு போகும்.

அயடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கர்ப்பிணித் தாய்க்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

ஒரு வீட்டில் ஒருவருக்குக் கழலை வந்தால் ‘அது பரம்பரை’ன்னு விட்டுவிடுவோம். பல ஊர்ப் பிள்ளைகளைச் சோதித்து, கணக்கெடுத்து ஒப்பிட்டால்தான் சாப்பாட்டில் உள்ள குறை தெரியும். 1986இல் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது, 100 பேரில் ஏறக்குறைய 19 பேருக்குக் கழலை இருந்தது. 1995இல் உணவு உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமானது. 2010இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது 100க்கு 5க்கும் குறைவு.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை:

1. ‘அயடின் சேர்த்தது’ என்று பைக்கற்றில் பார்த்து வாங்குங்கள்.
2. உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஈரமும் சூடும் பட்டால் அயடின் போயிரும்.
3. உப்பைக் கழுவாதீர்கள். கறி இறக்கும்போது போடுங்கள்.
4. அயடினுக்காக உப்பைக் கூட்டிப் போடாதீங்க, பிரஷர் ஏறும்.

பிள்ளையின் கழுத்தில் வீக்கம் தெரிந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.