சத்தம் போடுவது லினக்ஸா?

டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்ட பிறகு புதிதாக ஒரு சத்தம் கேட்டால், பழி முழுதும் லினக்ஸ் மேல் விழுகிறது. அதற்காகவே அதைக் கைவிட்டவர்களும் உண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: லினக்ஸ் போட்டதால்தான் ஃபேன் இரைகிறது.

உண்மை: பெரும்பாலான டெஸ்க்டாப்களில் வெப்பத்தைப் பார்த்து ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மதர்போர்டு. சூடு ஏன் ஏறியது என்றுதான் பார்க்க வேண்டும். டெர்மினலில் ‘டாப்’ கட்டளை கொடுங்கள். பிராசஸரை அதிகம் தின்னும் நிரல் பட்டியலின் உச்சியில் நிற்கும். புதிதாக நிறுவிய ‘கேடிஇ பிளாஸ்மா’ என்னும் லினக்ஸ் திரைச்சூழலில் அது பல நேரம் ‘பாலூ’வாக இருக்கும். தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் நிரல் அது; வேலை முடிந்ததும் ஃபேன் அடங்கிவிடும். எதுவும் ஓடாதபோதும் ‘சென்சார்ஸ்’ கட்டளை 70, 80 டிகிரி காட்டினால், கணினியை அணைத்து, ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் திரையில் நிற்கும்போதும் கரகரவென்றால் ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அங்கே லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை.

நம்பிக்கை: பாட்டு தொடங்கும்போது ‘டப்’ என்றால் ஸ்பீக்கர் போய்விட்டது.

உண்மை: சற்று நேரம் ஒலி இல்லாவிட்டால் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆடியோ சிப் உறங்கப் போகும். அது விழிக்கும்போது அப்படி அடிப்பதுண்டு. ஸ்பீக்கரை மாற்றும் முன், ஆடியோ டிரைவரின் ‘பவர் சேவ்’ மதிப்பை 0 ஆக்கிப் பாருங்கள்.

நம்பிக்கை: கீச்சென்ற மெல்லிய ஒலி கேட்டால் ஏதோ வெடிக்கப்போகிறது.

உண்மை: கிராபிக்ஸ் கார்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள கம்பிச் சுருள்கள் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அதிர்கின்றன. பொதுவாக ஆபத்து இல்லை, காதுக்குத்தான் தொல்லை. கேமில் நொடிக்கு 300 ஃபிரேம் ஓடினால் 60க்குக் குறையுங்கள்; ஒலி பெரும்பாலும் தணியும்.

நம்பிக்கை: ஹார்ட் டிஸ்க் ‘டக், டக்’ என்பது தூசியால், துடைத்தால் போதும்.

உண்மை: டிஸ்க்குக்குள் தூசி நுழைய வழியில்லாதபடி மூடியிருக்கிறார்கள். ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், உள்ளிருக்கும் ஹெட் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறது என்று பொருள். டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் ‘ஸ்மார்ட்’ சோதனை ‘நலம்’ என்று காட்டினாலும் நம்பாதீர்கள். மற்ற சத்தங்களை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இது கேட்டால் அன்றைக்கே, வேறு எதையும் தொடாமல், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.