பிளக்கைத் தொட்டுப் பார்

அன்புள்ள கயல்,

புது ஏ.சி. மாட்டியாகிவிட்டது, ஆனால் ஆயா ராத்திரியில் அதைப் போடவே விடுவதில்லை, தூங்கும்போது வெடித்துவிடும் என்கிறார் என்று போனில் சொன்னாய். 'வெடிக்காது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் ஒலக்கூரில் இருக்கும் ஒரு பாட்டி அப்படிப் பயப்படக் காரணம் இருக்கிறது. பயமும் வேண்டியதுதான், இருக்கிற இடம்தான் தப்பு. நீ பிளஸ் டூவில் இயற்பியல் படிக்கிறவள் என்பதால் கணக்குப் போட்டே எழுதுகிறேன். பொறுமையாகப் படி, ஆயாவுக்கும் படித்துக் காட்டு.

2019 மே மாதம் திண்டிவனத்தில் ஒரு வீட்டில் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். ஏ.சி. வெடித்துச் சாவு என்றுதான் முதல் செய்தி. டி.வி.யிலும் வாட்ஸப்பிலும் அதுதான் ஓடியது. சில நாட்களில் போலீஸ் அதைக் கொலை வழக்காக மாற்றியது. ஏ.சி. மேல் பழியைப் போட்டு மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்றது விசாரணை. ஆனால் முதல் செய்தி போன வீடுகளுக்கெல்லாம் இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் அந்தச் சாவைச் சொல்லித்தான் ஏ.சி.யைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆயாவும் அதைக் கேட்டவர்தான்.

முதலில் மிஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. உள் யூனிட்டில் இருக்கும் குழாய்ச் சுருளில் கேஸ் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி வெளி யூனிட்டுக்கு அனுப்புகிறது. அங்கே ஃபேன் காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. இப்படி வெப்பத்தை இடம் மாற்றுகிற எந்த மிஷினுக்கும் வெப்பப் பம்பு என்று பெயர். பிரிட்ஜும் அதுதான். லார்டு கெல்வின் என்று நீ படிக்கிற வில்லியம் தாம்சன் 1852-லேயே இந்த வழியைச் சொன்னார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938-ல் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கினார்கள். குளிர் நாடுகளில் ஒரே மிஷின் குளிர்காலத்தில் திசை மாறி ஓடி வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டுவருகிறது. டெல்லிப் பக்கம் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்பதும் இதுதான். நமக்கு ஒரு திசையே போதும்.

உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு சுமார் 5,200 ஜூல் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது. அதற்கு இழுக்கும் மின்சாரம் சுமார் 1,500 வாட். இரண்டும் சேர்ந்து 6,700 வாட் வெளி யூனிட் வழியாகப் போயாக வேண்டும். அதன் முன்னால் மல்லாட்டை மூட்டையை அடுக்கினாலோ போர்வை காயப்போட்டாலோ வெப்பம் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும், கரன்ட் கூடும், கம்ப்ரசர் திணறி நிற்கும். வெளி யூனிட்டுக்கு முன்னால் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகிற அளவுக்காவது இடம் விட்டுவை.

இனி கேஸ். இப்போது வரும் பெரும்பாலான ஏ.சி.களில் இருப்பது ஆர்-32. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி உலகம் முழுக்க அதைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் லேசாகத் தீப்பற்றும். எவ்வளவு லேசாக என்று நீயே கணக்குப் போடு. 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 300 கிராம் ஆர்-32 சேர்ந்தால்தான் நெருப்புப் பிடிக்கும். உங்கள் ஏ.சி.யில் இருப்பது மொத்தமே ஒரு கிலோ அளவுதான். அத்தனையும் கசிந்து அறை முழுக்கப் பரவினாலும் கன மீட்டருக்கு 30 கிராம்தான் தேறும், பத்தில் ஒரு பங்கு. சமையலறையில் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு தினமும் அடுப்பு மூட்டுகிற ஆயா இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கசிகிற இடத்துக்கு நேர் பக்கத்தில் அளவு கூடுதலாக இருக்கும். அதனால் மெக்கானிக் கேஸ் வேலை பார்க்கும்போது ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். விளக்கோ ஊதுவத்தியோ பீடியோ கிட்டே வரக் கூடாது.

உண்மையிலேயே வெடிப்பது உண்டா என்றால், உண்டு. ரிப்பேர் நேரத்தில். லீக் பார்க்கக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றுவார்கள். அதற்கு நைட்ரஜன் சிலிண்டர் மட்டும்தான் உதவும். வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டரை வாங்கிவந்து ஏற்றுகிற ஆள் வந்தால் உடனே நிறுத்தச் சொல். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் அது வெடிகுண்டுதான். வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதே. மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் ஓடி ஓடித் தீர்ந்துபோகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, பெரும்பாலும் வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டுகளில். எண்ணெய்ப் பிசுக்கு அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது காசைக் காற்றில் விடுவது.

இப்போது நீ நிஜமாகவே பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பிளக்.

போன மாதம் ஒரு வீட்டில் பிளக் டாப்பைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் டீத்தூள் நிறத்துக்குப் பழுத்திருந்தது. பித்தளைப் பின்னில் நீலம் பாய்ந்திருந்தது. ஸ்க்ரூவுக்கு அடியில் போக வேண்டிய செம்பு இழைகளில் பாதி வெளியே விரிந்து கறுத்துக் கிடந்தன. டிரைவரை வைத்ததும் ஸ்க்ரூ அரைச் சுற்று சுற்றியது, அவ்வளவு லூஸ். அந்த வீட்டில் கொஞ்ச நாளாக மீன் கருகுகிற மாதிரி வாடை வந்ததாம். அடுப்படியில் தேடியிருக்கிறார்கள், பிளக்கை யாரும் பார்க்கவில்லை.

அந்த லூஸ் இணைப்பில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள். ஏ.சி. இழுப்பது 7 ஆம்பியர். கரன்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கு: 49 பெருக்கல் அரை, சுமார் 25 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை பிளாஸ்டிக் பிளக்குக்குள் செருகி ராத்திரி முழுக்க எரியவிட்ட கணக்கு. திரைச்சீலையோ மரக் கட்டிலோ பக்கத்தில் இருந்தால் மீதியை நான் எழுத வேண்டியதில்லை. இதில் மோசம் என்னவென்றால், எந்தக் காவலும் இதைக் கண்டுபிடிக்காது. எம்.சி.பி. கரன்ட் அளவுக்கு மேல் போனால்தான் விழும். இங்கே போவது வழக்கமான 7 ஆம்பியர்தான். ஆர்.சி.சி.பி. கரன்ட் கசிந்தால்தான் விழும். இங்கே கசிவே இல்லை. கையும் மூக்கும்தான் காவல்.

அதனால் மாதம் ஒருமுறை இதைச் செய். ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்து, சுவிட்சையும் அணைத்த கையோடு பிளக்கின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார். பின்களைத் தொடாதே. லேசான வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு, நிறம் மாற்றம், வாடை, சாக்கெட்டில் பிளக் ஆட்டம், இதில் எது இருந்தாலும் எலக்ட்ரீஷியன் வரும் வரை ஏ.சி. ஓடக் கூடாது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யைச் செருகவே கூடாது. மெயின் சுவிட்ச் இருக்கிற டி.பி. பெட்டியிலிருந்து அதற்கென்று தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., இது இல்லாமல் மாட்டியிருந்தால் அப்பாவிடம் சொல்லி இந்த வாரமே மாற்றச் சொல்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டின் மேல் ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. சில பேர் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் லூப் அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒரு நாள் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், ஏ.சி.யின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். மொட்டை மாடியில் ஈரத் துணியோடு போகிற உன் அம்மா கை பட்டால் என்ன ஆகும் என்று யோசி. என் கூடப் பிறந்தவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, நம் ஊரில் இரும்புக் கொடிக்கம்பியில் கரன்ட் பாய்ந்து செத்தவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. துணிக் கொடியை வெளி யூனிட் ஸ்டாண்டில் கட்டாதீர்கள். கொடிக்கு நைலான் கயிறு போதும்.

வீட்டுக்கு வெளியே எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள். கரியும் உப்பும் போட்டு இறக்கிய பழைய குழியாக இருந்தால் சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். ஏ.சி. அதிகம் ஓடுவதும் அதே மாதங்களில்தான். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்று. டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்து. பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். மழை நாளில் அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுத்தால் சம்மதிக்காதே. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது.

சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் ஏ.சி. அதிகக் கரன்ட் இழுக்கும், பிளக்கும் வயரும் அந்த அளவுக்குச் சூடாகும். எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அதற்குக் கீழே இறங்குகிற வீட்டில் ஸ்டெபிலைசர் கட்டாயம். தினமும் இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987-ல் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஏ.சி. வந்ததைச் சொல்லி ஈ.பி. ஆபீஸில் கூடுதல் லோடும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஃபில்டர் சுலபம். சுவிட்சை அணைத்து, முன் மூடியைத் தூக்கினால் வலை வரும். அழுக்குப் படிந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவு, நிழலில் காயவை, ஈரத்தோடு மாட்டாதே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், களத்தில் மல்லாட்டை அடிக்கிற நாட்களில் வாரம் ஒருமுறை. மரக்காணம் பக்கம் உப்புக் காற்று குழாயை அரிக்கும், உங்கள் பக்கம் தூசிதான் எதிரி. ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து உள் சுருளில் ஐஸ் கட்டும், சுவரில் தண்ணீர் சொட்டும். சொட்டுவதற்கு இன்னொரு காரணம் டிரெயின் பைப் வாயில் குளவி கூடு கட்டுவது. குச்சியால் எடுத்துவிடலாம். ரிமோட்டில் 24-க்குக் கீழே போகாதே. 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் ஆன் ஆகும்போதே 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு 24 தாராளம்.

நீ கை வைக்கக் கூடாத இடம் வெளி யூனிட்டின் மூடிக்குள். கரன்டை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்வெர்ட்டர் போர்டில் அது 300 வோல்ட்டுக்கும் மேல். உள்ளே பல்லி புகுந்து போர்டு போனால்கூட மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

சாத்திய ஏ.சி. அறையில் கொசுவத்தி, சாம்பிராணி வேண்டாம். ஏ.சி. அறைக்குள் இருக்கிற காற்றையேதான் சுற்றிவிடுகிறது, புகை வெளியே போகாது. ஆயாவுக்கு இழுப்பு வேறு இருக்கிறது, கொசுவலை கட்டு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை கொட்டியது உனக்கே நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் பிளக்கைப் பிடுங்கிவிடு. வெளி யூனிட் தண்ணீரில் நின்றிருந்தால், காய்ந்துபோனது போலத் தெரிந்தாலும் ஆள் வந்து பார்க்காமல் போடாதே. எப்போதாவது புகை கண்டால் ஏ.சி. சுவிட்சைத் தேடிப் போகாமல் மெயினை இறக்கு, ஆயாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வா, 101-க்கோ 112-க்கோ போன் போடு. கரன்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதே.

எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று அக்கா சொன்னாள். அப்பா வயலில் இருந்தாலும் நீ பக்கத்திலேயே நில். ஏ.சி. லைன் டி.பி.யில் எந்த எம்.சி.பி.யிலிருந்து வருகிறது, எர்த் வயர் குழி வரைக்கும் உண்மையிலேயே போகிறதா, இரண்டையும் காட்டச் சொல். பிளக் டாப்பை உன் கண்முன் கழற்றி, ஒரு இழைகூட வெளியே நிற்காமல் ஸ்க்ரூவை இறுக்கச் சொல். மூடுவதற்கு முன்னால் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா