பட்டாபிராமன் கேட் வழியாகப் போங்கள்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நேராக மைதான வாசலில் போய் இறங்கிவிடுகிறார்கள். அது தவறு. ஆட்டம் ஒன்பதரைக்குத்தான். ஏழு மணிக்கே திருவல்லிக்கேணிக்கு வந்துவிடுங்கள். பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, அதே தெருவில் அறுபது வயதைக் கடந்துவிட்ட ஒரு ரசிகர் தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்கிற யோசனை இதுதான். 1975 ஜனவரியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை மைதானத்துக்குள் போனவர் அவர். அரை நூற்றாண்டாக அவர் நடக்கும் வழியில்தான் இந்தக் கட்டுரை உங்களை அழைத்துப் போகிறது.

முதலில் வயிறு. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் இருக்கிற ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சொல்லுங்கள். தட்டில் இரண்டு இட்லி வைத்து, அவை முக்கால்வாசி முழுகும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். ஸ்பூனால் இட்லியை உடைத்துச் சாம்பாரை உறிஞ்ச விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். அதற்குள் வாளியோடு ஒருவர் வந்து, கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். பிறகு ஒரு காபி. நம் ரசிகரின் வீட்டில் டெஸ்ட் நாட்களில் அடுப்பு பற்றவைத்ததே தூக்குச் சட்டியில் தயிர்சாதமும் புளியோதரையும் கட்டத்தான். காலை டிபன் எப்போதும் இங்கேதான். மைதானத்துக்குள் விற்கும் சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்வது ஒரே வரி: விலை அதிகம், ருசி இல்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள்.

அங்கிருந்து நடைதான். கோயிலைப் பார்த்துவிட்டு, பாரதியார் வாழ்ந்த இல்லத்தையும் எட்டிப் பாருங்கள். பிரம்மச்சாரிகள் வாடகைக்கு இருக்கும் மேன்ஷன்களைத் தாண்டிப் பெரிய தெரு வழியாக பெல்ஸ் ரோட்டுக்கு வரலாம். இப்போது அதன் பெயர் பாபு ஜெகஜீவன்ராம் சாலை என்றாலும் ஆட்டோக்காரரிடம் பெல்ஸ் ரோடு என்றே சொல்லுங்கள். இந்தத் தெருக்களில்தான் ரப்பர் பந்துக் கிரிக்கெட் வளர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட், ஒன் பிட்ச் ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட், சைக்கிள் வந்தால் ஆட்டம் நிற்கும். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே. கோபாலன் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பின் ஆள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி ஆடப் போவதா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போவதா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தவர். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கோ அந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

திருவல்லிக்கேணி கிளப்புக்கும் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்புக்கும் நடந்த லீக் ஆட்டங்களுக்கு அந்தக் காலத்தில் கூடிய கூட்டத்தைப் பற்றி ரசிகரின் அப்பா ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டே இருப்பாராம். இரண்டு கோயில், இரண்டு குளம், இரண்டு டீம். மயிலாப்பூரில் பெண் எடுத்த சித்தப்பா லீக் ஆட்டத்தன்று மாமனார் வீட்டுப் பக்கம் போக மாட்டார்.

வாலாஜா சாலைக்கு வந்துவிட்டால் மைதானம். 1916-இல் உருவான எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியத்தைப் பேச்சில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அது சேப்பாக்கம்தான். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று இங்கேதான் நடந்தது. மெட்ராஸும் மைசூரும் மோதி ஒரே நாளில் முடிந்துபோனது. மெட்ராஸின் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பம் அவருடையது. மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இதே மண்ணில்தான்: 1952, இங்கிலாந்துக்கு எதிராக, வினூ மன்கட் 12 விக்கெட். அதன்பிறகு ஏறத்தாழ பத்தாண்டுக்கு டெஸ்டுகள் பார்க் டவுன் பக்கமுள்ள கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. 1956-இல் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 1967 பொங்கலுக்கு டெஸ்ட் மறுபடி சேப்பாக்கம் வந்தது.

பொங்கல் டெஸ்ட் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஜனவரி நடுவில் பள்ளி விடுமுறை, வீட்டில் கரும்பு, மைதானத்தில் டெஸ்ட். முந்தின நாள் ராத்திரியே வாலாஜா சாலையில் வரிசை நிற்கும். திருச்சி, சேலம், மதுரையிலிருந்து வந்தவர்கள் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். விடிந்து கேட் திறந்ததும் ஓடிப்போய் இடம் பிடிக்க வேண்டும். 1975-இல் அப்பாவோடு போன அந்த முதல் நாளில் நம் ரசிகர் பார்த்தது குண்டப்பா விஸ்வநாத்தின் ஆட்டமிழக்காத 97. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டை அள்ளிக்கொண்டிருந்தார். இந்தியாவின் மொத்த ஸ்கோரே 190. கடைசி ஆளாகச் சந்திரசேகர் இறங்கியபோது அப்பா இவருடைய கையை அழுத்திப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. சதத்துக்கு மூன்று ரன் மீதி இருக்கும்போது சந்திரசேகர் அவுட். மைதானத்தில் சில விநாடிகள் சத்தமே இல்லை. பிறகு எழுந்து நின்று தட்டிய தட்டலில் கான்கிரீட் படி அதிர்ந்ததாம். இந்தியா 100 ரன்னில் வென்றது.

1982 பொங்கல் டெஸ்டின் இரண்டாம் நாள் விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் ஒரு விக்கெட்டும் விழாமல் முழுநாளும் ஆடினார்கள். இப்படி ஒரு நாளை இன்று யாராவது பொறுமையாகப் பார்ப்பார்களா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. "சாயங்காலம் நாலு மணிக்கு மேல கடல் காத்து வரும். அந்தக் காத்துல உக்காந்து விசு கட் பண்றதப் பாக்க குடுத்து வெச்சிருக்கணும்."

1986 செப்டம்பர் 22. பொங்கல் கிடையாது, வெயில் கொதித்தது. அன்று முடிந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து மருத்துவமனைக்குப் போனார். கடைசி நாள் இலக்கு 348. இந்தியா 347-இல் நின்றது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டது, நடுவரின் விரல் உயர்ந்தது, டெஸ்ட் சமன். ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் நம் ரசிகர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார். அவர் இவரிடம் கேட்டார். வேறொருவர் காதில் வைத்திருந்த டிரான்சிஸ்டரிலிருந்துதான் விடை வந்தது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டத்தையும் பார்ப்பது அன்றைய வழக்கம்.

ஆனால் சேப்பாக்கம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிய வேண்டுமென்றால் 1999 ஜனவரி 31-ஐத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136. அவர் போனபோது தேவை 17 ரன். அடுத்த 4 ரன்னுக்குள் மீதி 3 விக்கெட்டும் போயின. 12 ரன்னில் தோல்வி. நம் ரசிகர் முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்தார். எங்கோ ஒரு மூலையில் கைத்தட்டல் தொடங்கியது. பிறகு பக்கத்து ஸ்டாண்டு, அப்புறம் மைதானம் முழுக்க. வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்து நன்றி சொன்னது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் எழுந்து தட்டியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார். தன் ஊரைப் பற்றி அவருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

இனி எங்கே உட்கார்வது. பட்டாபிராமன் கேட் பக்கம், டி ஸ்டாண்ட். வேறு யோசனையே வேண்டாம். பழைய ஸ்டேடியத்தில் கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையை மறைக்கும். பேட்ஸ்மேன் தெரிந்தால் பௌலர் தெரியாது. 2011 உலகக் கோப்பைக்கு முன் இடித்துக் கட்டியபோது தூண்கள் போய்க் கூடாரம் போன்ற துணிக்கூரை வந்தது. காற்றும் நன்றாக வருகிறது. ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் மட்டும் கட்டட அனுமதிச் சிக்கலில் பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்தன. டிவியில் அந்தக் காலி நாற்காலிகளைக் காட்டும்போதெல்லாம் சொந்த வீட்டில் ஓர் அறை பூட்டிக்கிடப்பதைப் போல இருந்ததாம். இப்போது எல்லாம் திறந்தாயிற்று.

ஐ.பி.எல். பார்க்க வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சள் சட்டை, விசில், தோனி பேட்டோடு இறங்கும்போது காது அடைக்கும் சத்தம் எல்லாம் உண்மைதான். வாழ்க்கையில் ஒருமுறை பார்க்கலாம். 2018-இல் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது ரசிகர்களுக்காகத் தனி ரயிலே போனது. ஆனால் பிளாக்கில் டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். சில வருஷங்களுக்கு முன் மதுரையிலிருந்து அக்கா மகன் தன் எட்டு வயதுப் பெண்ணோடு வந்திருந்தான். இணையத்தில் டிக்கெட் சில நிமிஷங்களில் தீர்ந்துவிட்டது. பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் ஓர் ஆள் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "சார், ரெண்டு டிக்கெட் இருக்கு, அக்கம்பக்கம் சீட்டு. என் ஃப்ரெண்டு வரல, அதான்." ரசிகர் வேண்டாம் என்றார். குழந்தை முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றிருந்தது. பையன் பணத்தைக் கொடுத்துவிட்டான். இரண்டுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம். ஒரு மணி நேரம் வரிசையில் நகர்ந்து வாசலுக்குப் போனால் கருவியில் சிவப்பு விளக்கு. "இந்த டிக்கெட் ஏற்கெனவே உள்ள போயிடுச்சு சார், தள்ளி நில்லுங்க." திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் ஏது? ஒரே டிக்கெட்டைப் படம் பிடித்து எத்தனை பேருக்கு விற்றானோ. உள்ளே தோனி இறங்கிய சத்தம் பெல்ஸ் ரோடு வரை கேட்டது. அந்தக் குழந்தை ஒன்றும் பேசாமல் தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பூசிய மஞ்சள் கன்னத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. அந்த நடையை அவரால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஐ.பி.எல்.லுக்குப் போகவே இல்லை.

அதே குழந்தையை அடுத்த சீசனில் ரஞ்சி ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரஞ்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. ஒன்றிரண்டு ஸ்டாண்டுகளைத் திறந்து விட்டுவிடுவார்கள். நூறு இருநூறு பேர்தான் இருப்பார்கள். பந்து மட்டையில் படும் சத்தம், விக்கெட் கீப்பர் தமிழில் பௌலரிடம் சொல்வது, மறுமுனையிலிருந்து கேப்டன் கத்துவது எல்லாம் காதில் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் சுழற்பந்து வீசியதை நேரில் பார்த்தவராக இருப்பார். கேட்டால் கதை சொல்வார். முறுக்குப் பொட்டலம் வரிசை முழுக்கக் கைமாறும். தமிழகம் ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை: 1954-55, 1987-88. இரண்டாவதை, ரயில்வேஸை வீழ்த்தி வாசுதேவனின் அணி கோப்பையைத் தூக்கியதை, இதே மைதானத்தில் பார்த்தவர் நம் ரசிகர். 2012-இல் இறுதி ஆட்டம் மறுபடி சேப்பாக்கத்துக்கு வந்தபோது ராஜஸ்தானின் வினீத் சக்சேனா 257 ரன் எடுத்து ஆசையைக் கெடுத்தார். மூன்றாவது கோப்பை இன்னும் வரவில்லை.

போக்குவரத்து: பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் ஸ்டேஷன், இறங்கினால் மைதானம். மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம், கொஞ்சம் நடை. கார் கொண்டுவராதீர்கள். பையும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே விட மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே ரயிலைப் பிடிக்க ஓடாதீர்கள். வாலாஜா சாலையில் கிழக்கே நடந்தால் மெரினா. காந்தி சிலைப் பக்கக் கூட்டத்துக்குப் போக வேண்டாம். அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. பல்கலைக்கழகத்துக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கி, ஸ்கோரைப் பேசுங்கள். பழைய புத்தகப் பிரியராக இருந்தால் பாரதி சாலை நடைபாதையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அதன் பழைய பெயரான பைகிராப்ட்ஸ் ரோடு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ரஞ்சி அட்டவணை வந்ததும் சென்னைக்கு எந்தத் தேதி என்று பாருங்கள். ஊரில் பேரன் பேத்தி இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுங்கள். காலை ஏழு மணிக்குத் திருவல்லிக்கேணியில் இருங்கள்.