பழைய வீட்டுக்குப் புதிய வயரிங்: எண்ணிப் பார்த்துத் தொடங்குவோம்

வெளிநாட்டிலிருக்கும் மகன் தொலைபேசியில் கேட்கின்றான்: "அம்மா, வீட்டு வயரிங் முழுக்க மாத்த எவ்வளவு முடியும்?" தாய் அயலிலுள்ள வயரிங்காரரைக் கூப்பிட்டுக் கேட்கின்றார். அவரும் கூரையை அண்ணாந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போகின்றார். காசு வருகின்றது. முதலிலே மண்டபத்துக்கு அழகான விளக்குகள் வாங்கப்படுகின்றன. சுவர் வெட்டப்படுகின்றது. வேலை முக்காற்பங்கு முடியுமுன்னரே காசு முடிந்துவிடுகின்றது. எஞ்சி நிற்பது என்னவென்று பார்த்தால் எர்த் கம்பியும் றிப் சுவிச்சும்! "அதைப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லி வீட்டார் விட்டுவிடுகின்றனர்.

பல வீடுகளில் நடப்பது இதுதான். உயிரைக் காப்பது கடைசிக்குத் தள்ளப்படுகின்றது. கண்ணுக்குத் தெரிவது முதலில் வாங்கப்படுகின்றது. இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மாற்றவேண்டிய வீடு எது?

எமது பகுதிகளில் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன் வயரிங் செய்த வீடுகள் இன்றும் பல உள்ளன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்து வீடுகள் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தன. கூரை ஒழுகியது, மரச் சட்டங்களைக் கறையான் தின்றது, வயரின் மேலுறையை எலியும் அணிலும் கடித்தன. மின்சாரம் திரும்பி வந்தபோது, பல இடங்களில் அதே பழைய வயரிலேயே மீண்டும் தொடுத்துக்கொண்டோம். அன்று அந்த வயர் சுமந்தது நாலைந்து பல்புகளையும் ஒரு வானொலியையும் மாத்திரமே. இன்று அதே வயரில் தண்ணீர் மோட்டர், குளிர்சாதனப் பெட்டி, றைஸ் குக்கர், கேத்தில் எல்லாம் ஓடுகின்றன.

பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். வயரின் உறை வளைக்கும்போது வெடிக்கின்றதா? மோட்டரைப் போட்டதும் விளக்குகள் மங்குகின்றனவா? சுவிச்சோ பிளக்கோ தொட்டால் சுடுகின்றதா? குளிர்சாதனப் பெட்டியைத் தொடும்போது கையில் சுள்ளென்கின்றதா? மழை பெய்தால் றிப் விழுகின்றதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் அறிந்த மின்னியலாளர் ஒருவரை அழைத்துச் சோதிப்பித்தல் வேண்டும். "மெகர்" என்னும் கருவியால் 500 வோல்ற் அழுத்தங் கொடுத்து, வயர் உறையின் வலிமையை அளக்கலாம். அளவு ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை நம்பக்கூடாது. ஓரிடத்தில் மாத்திரம் பழுதாயின் அதைத் திருத்தினாற் போதும். வீடெங்கும் அப்படியாயின் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம்.

2. முதலில் எண்ணுங்கள்

வயரிங் கூலி பெரும்பாலும் "பொயின்ற்" கணக்கிலேயே பேசப்படுகின்றது. ஆகவே எத்தனை பொயின்ற் என்று தெரியாமல் எவரோடும் விலை பேசவேண்டாம். ஒரு கொப்பித்தாளில் வீட்டின் படத்தைக் கீறி, அறை அறையாக நடந்து குறியுங்கள்.

உதாரணமாக மூன்று அறை வீடொன்றை எடுத்துக்கொள்வோம். விறாந்தைக்கு விளக்கு 2. மண்டபத்துக்கு விளக்கு 2, விசிறி 1, பிளக் 3. அறைகள் மூன்றுக்கும் தலா விளக்கு 1, விசிறி 1, பிளக் 2. குசினிக்கு விளக்கு 1, பிளக் 4. குளியலறைக்கு விளக்கு 1. கிணற்றடிக்கும் படலைக்கும் விளக்கு 2. தண்ணீர் மோட்டருக்கு 1. கூட்டினால் விளக்கு 11, விசிறி 4, பிளக் 13, மோட்டர் 1, ஆக 29 பொயின்ற்.

குசினியில் பிளக்கைக் குறைத்து மிச்சம் பிடிக்கவேண்டாம். அங்கே பிளக் குறைந்தால் நாளைக்கு ஒரு நீட்டு வயரில் கேத்திலும் குக்கரும் ஒன்றாய்த் தொங்கும். புதிதாகப் போடும் பிளக்குகள் யாவும் 13 அம்பியர் சதுர முளை வகையாகவே இருக்கட்டும். இப்போது நாட்டின் நியமம் அதுவே.

3. சுமையைக் கணக்கிடுங்கள்

கணக்கு எளிது. கருவியின் வாற் அளவை 230 ஆல் பிரித்தால் அம்பியர் வரும். 2000 வாற் கேத்தில் ஏறக்குறைய 9 அம்பியர். 1000 வாற் அயன் 4 அம்பியருக்குச் சற்று மேல். 700 வாற் குக்கர் 3 அம்பியர். அரைக் குதிரைவலு மோட்டர் ஏறக்குறைய 550 வாற் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பலமடங்கு இழுக்கும்.

கேத்தில், அயன், குக்கர், மோட்டர் ஆகியவற்றோடு குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, விசிறிகளுக்கு 550 வாற் சேர்த்தால் மொத்தம் 4800 வாற். அதாவது 21 அம்பியர். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு இது தாங்கும். இனி 3500 வாற் சுடுநீர்க் கருவி ஒன்றைக் குளியலறையில் பூட்டினால் 8300 வாற், 36 அம்பியர் ஆகிவிடும். ஒரே வேளையில் எல்லாம் ஓடினால் தாங்காது. ஆகவே, சுடுநீர்க் கருவியோ குளிரூட்டியோ பின்னர் வாங்கும் எண்ணமிருப்பின் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். சுவரைப் பூசி முடித்தபின் நினைவுவந்தால் செலவு இரட்டிப்பாகும்.

4. கம்பியும் காவலும்

வயரின் பருமன் சுமைக்கேற்றதாக இருத்தல் வேண்டும். கடையில் 1/1.13 என்று கேட்பது 1 சதுர மில்லிமீற்றர் வயர்; விளக்குக்கும் விசிறிக்கும் போதும். 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர்; பிளக்குகளுக்குரியது. 7/0.85 என்பது 4 சதுர மில்லிமீற்றர்; சுடுநீர்க் கருவி போன்ற பாரமான சுமைக்குரியது. எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதையே வாங்குங்கள். சுவருக்குள் போனபின் மலிவு வயரை எவரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

நிறத்தையும் அறிந்திருங்கள். பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய முறையில் கபிலம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த். பாதி பழையது, பாதி புதியது என்றிருக்கும் வீட்டில் பலகையருகே இதை எழுதி ஒட்டுவது அவசியம்.

மின்பலகையில் இரண்டு காவலர் இருக்கின்றனர். இவ்விருவர் வேலையும் வேறு. எம்.சி.பி. என்பது வயரைக் காப்பது. சுமை மிஞ்சினால் நிறுத்திவிடும். மனிதரைக் காப்பது றிப் சுவிச். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாது பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பிள்ளை பழுதான வயரைத் தொட்டால், மின்னோட்டத்தில் ஒரு பங்கு பிள்ளையின் உடல் வழியே நிலத்துக்குப் போகும். திரும்பி வருவது குறையும். அந்தக் குறை 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ அது மின்சாரத்தை வெட்டிவிடும். எம்.சி.பி. இதை அறியாது. அதற்கு அந்தச் சிறிய அளவு கணக்கிலேயே இல்லை.

"றிப் ஒரே விழுகுது, கரைச்சல்" என்று சொல்லி, அதைத் தாண்டி வயரைத் தொடுப்பிக்கும் வீடுகளும் உண்டு. நாய் குரைக்கின்றதென்று நாயைக் கொன்றுவிட்டுக் கள்ளனை உள்ளே விடுவதற்கு இது ஒப்பாகும். றிப் விழுவது நோயன்று. நோயை அறிவிக்கும் குரல். எங்கே கசிகின்றதென்று தேடிக் கண்டுபிடிப்பதே வைத்தியம்.

எர்த் கம்பியின் கதையும் இதுதான். எமது நாட்டில் வீட்டுக்கு வீடு தனியாக எர்த் இறக்குதல் வேண்டும். குடாநாட்டில் சில இடங்களில் மண்வெட்டி இரண்டுமுறை விழுமுன் சுண்ணக்கல் தட்டும். நான்கடிக் கம்பியில் பாதியை அறுத்துவிட்டு மிகுதியைப் புதைப்பவரும் உண்டு. அதற்கு இடங்கொடாதீர்கள். கூலி சற்றுக் கூடினாலும் கிடங்கு வெட்டி, ஈரம் நிற்கும் இடத்தில் முழுக்கம்பியையும் இறக்கி, கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

5. காசை எப்படிப் பங்கிடுவது?

செலவை ஆறு தலைப்பாக எழுதுங்கள்: மறைந்திருக்கும் பொருள்கள் (வயர், குழாய், பலகை, றிப், எர்த்), வெளியில் தெரியும் பொருள்கள் (சுவிச், பிளக், விளக்கு), மின்னியலாளர் கூலி, மேசன் வேலையும் பூச்சும், சோதனை, ஏற்றுகூலி, தேநீர் முதலிய சில்லறை, எதிர்பாராச் செலவு.

பலர் மறப்பது நான்காவதையும் ஆறாவதையுமே. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய கற்சுவரை வெட்டினால் உதிர்ந்துகொண்டே போகும். அத்தகைய வீட்டுக்கு, சுவருக்கு மேலே பிளாஸ்ரிக் கேசிங் பூட்டி வயர் இழுப்பது செலவும் குறைவு, பின்னர் திருத்தவும் இலகு. பழைய வீட்டுக்கு எதிர்பாராச் செலவென்று நூற்றுக்குப் பதினைந்தாவது ஒதுக்கி வையுங்கள். உக்கிய வளையும் கறையான் தின்ற சீலிங்கும் வேலை தொடங்கியபின்னரே கண்ணில் படும்.

ஒரே பட்டியலைக் கொடுத்து மூவரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். ஒருவர் சாமானுடன் சொல்லுவார், மற்றவர் கூலி மட்டும் சொல்லுவார், இவ்விரண்டையும் ஒப்பிடவேண்டாம். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கமில்லை. காசை மூன்று பங்காகக் கொடுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, வயர் இழுத்து முடிந்ததும் ஒன்று, சோதித்துக் காட்டியபின் மிகுதி.

6. ஒரேயடியாகக் காசு இல்லையெனில்

சீட்டுக் காசையோ மாதச் சம்பளத்தையோ நம்பியிருக்கும் குடும்பம் படிப்படியாகவும் செய்யலாம். ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது.

முதற்படி: எர்த், மின்பலகை, றிப், மீற்றரிலிருந்து பலகைக்கு வரும் பெரிய வயர். இரண்டாம் படி: தண்ணீரோடு புழங்கும் இடங்கள், அதாவது குசினி, குளியலறை, மோட்டர். மூன்றாம் படி: மற்றைய பிளக்குகள். நான்காம் படி: விளக்கும் விசிறியும். அலங்கார விளக்குகள் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவரை சாதாரண ஹோல்டரில் ஒரு எல்.ஈ.டி. பல்ப் எரிந்தால் வீட்டுக்கு ஒரு குறையும் வராது. மீற்றரையும் அதன் முத்திரையையும் மாத்திரம் ஒருவரும் தொடக்கூடாது. அது மின்சாரம் வழங்குவோருக்குரியது.

காலத்தையும் கவனியுங்கள். நத்தாருக்கு வெள்ளையடித்துவிட்டுத் தைமாதம் வயரிங்காரரை அழைப்பது வீண்செலவு. கூரைத் திருத்தம் முதலில், வயரிங் அடுத்து, பூச்சும் வெள்ளையடிப்பும் கடைசியில். ஐப்பசி மழைக்கு முன், ஆடி ஆவணியில் வேலையைத் தொடங்கினால் சுவர் காயவும் நேரமிருக்கும். எர்த்தையும் மண் வரண்டிருக்கும் அக்காலத்திலேயே அளப்பது நன்று. கோடையில் சரியாக இருக்கும் எர்த் மாரியிலும் சரியாகவே இருக்கும்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

ஒன்று: உங்கள் மின்பலகையில் றிப் சுவிச் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமத்துங்கள். உடனே விழவேண்டும். விழாவிடின் அதை மாற்றும்வரை மற்றச் செலவு எதையும் யோசிக்கவேண்டாம். மாதம் ஒருமுறை இவ்வாறு சோதித்தல் நல்ல பழக்கம்.

இரண்டு: பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அழைத்து, மேலே காட்டியபடி வீட்டுப் பொயின்ற்றுகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும். அடுத்தமுறை மகன் தொலைபேசியில் கேட்கும்போது, தாயின் கையில் விடையும் இருக்கும்.