கடலடியில் ஒரு மின்பாதை



1990ஆம் ஆண்டு போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன காலத்திலே நான் மாணவனாயிருந்தேன். ஜாம் போத்தலினுள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கின் முன்னேதான் மின்னியற் பாடத்தைப் படித்தோம். கணக்குகளைச் செய்தோம், மின்குமிழ் எரியக் காணவில்லை. ஆதலால், மின்சாரத்தை மக்களிடம் கொண்டு சேர்க்கும் மின்பொறியியலாளரின் பணி எத்தகையது என்பதை நீங்கள் அறிதல் வேண்டுமென விரும்புகின்றேன்.

நாம் வாழும் டென்மார்க்கிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. யூலன்ட், பூன் பகுதிகளின் மின்வலையமைப்பு ஐரோப்பியப் பெருநிலத்தோடு இணைந்தது. சேலன்டின் வலையமைப்பு சுவீடன் முதலிய வடநாடுகளோடு இணைந்தது. இரண்டிலும் ஆடலோட்டம் செக்கனுக்கு 50 சுற்று அலைகின்றது. எனினும் இரண்டும் ஒரே தாளத்தில் அலைவதில்லை. காலடி ஒவ்வாத இரு அணியினரைக் கைகோத்து நடக்கச் செய்தல் கூடுமா? ஆகவே, அவற்றை நேரே தொடுத்தல் இயலாது.

பொறியியலாளர் கண்ட வழி யாதெனில், ஒருபுறத்து ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி வடத்தினூடே அனுப்பி, மறுபுறத்தில் மீண்டும் ஆடலோட்டமாக்குதலாகும். ஸ்ரோரபெல்ற் நீரிணையைக் கடந்து செல்லும் இவ்விணைப்பு 2010ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 58 கிலோமீற்றர். அதிற் கடலடியில் உள்ளது 32 கிலோமீற்றர். அழுத்தம் 400,000 வோல்ற்று. வலு 600 மெகாவாற்று.

இனி நாமே கணித்துப் பார்ப்போம். வலுவை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும்.

600,000,000 ÷ 400,000 = 1,500 அம்பியர்.

அழுத்தம் வெறும் 400 வோல்ற்றாயின் 1,500,000 அம்பியர் வேண்டும். ஓட்டம் ஆயிரம் மடங்காயின், அதே வடத்தில் வீணாகும் வெப்பம் பத்து இலட்சம் மடங்காகும். உயர் அழுத்தத்தைத் தெரிந்தெடுத்த காரணம் இப்போது விளங்குமன்றோ?

கணக்கு முடிந்ததும் வேலை முடிவதில்லை. இத்தகைய கட்டுமானத்தை நடத்தும் பொறியியலாளர், மண் தோண்டுவோர், கப்பலில் வடம் இடுவோர், மின்வினைஞர் ஆகியோரின் வேலைகளை முறைப்படி நிரைப்படுத்துகின்றார். குழியை மூடுமுன் வடத்தைச் சோதிக்காவிடின் மீண்டும் தோண்ட நேரிடும். மின்னை நிறுத்தி, ஆளியைப் பூட்டி, மின்னில்லையென அளந்து, புவித்தொடுப்பு இட்ட பின்னரே எவரையும் கைவைக்க விடுகின்றார். நாள் பிந்தலாம், உயிர் போகலாகாது.

பெற்றோர்களே! பிள்ளை மின்வினைஞர் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால் நம்மிற் சிலர் முகஞ்சுளிக்கின்றோம். யொகனஸ் யூல் என்பவர் 1904ஆம் ஆண்டு அஸ்கோவ் என்னும் ஊரில் ஆசிரியர் போல் லா கூர் நடத்திய மின்வினைஞர் வகுப்பிலே பயின்றவர். அவரே 1957இல் கெட்சரில் 200 கிலோவாற்றுக் காற்றாலையை அமைத்தார். பின்வந்த டெனிஷ் காற்றாலைகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. கிம்னாசியத்திற் கணிதமும் பௌதிகமும் கற்றுப் பல்கலைக்கழகம் புகுவது ஒரு வழி. தொழிற்பயிற்சி முடித்துப் பின்னர் பொறியியல் கற்பது மற்றொரு வழி. கருவியைக் கையிற் பிடித்தவனுக்கு, பிறரை வேலைக்கு ஏவும்போது அவ்வேலையின் அருமை தெரியும்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு விளக்கின் ஆளியை அழுத்துமுன், மேற்கண்ட கணக்கை அம்மா அப்பாவிற்குத் தமிழிலே விளக்கிக் காட்டுங்கள். நீங்கள் பாடசாலையில் என்ன கற்கின்றீர்கள் என்பதை அறிய அவர்கள் நெடுநாளாகக் காத்திருக்கின்றார்கள்.