பழுது பார்த்த சக்கரத்தில் புதிய ஓசை

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிளைக் காணாத நாழிகை இல்லை. திராட்சைத் தோட்டத்திற்கும் வாழைத் தோப்பிற்கும் சந்தைக்கும் அதுவே துணை. நம்மில் பலர் பள்ளிக்கு வருவதும் தந்தையின் வண்டிப் பின் இருக்கையில்தான். பஞ்சர் ஒட்டவோ பிரேக் ஷூ மாற்றவோ பலர் வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டுகின்றனர். மாட்டிய பின் முன்பு இல்லாத ஓர் ஓசை கேட்டால் என்ன செய்வது? பௌதிகப் பாடத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னக் என்னும் மருத்துவர், காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதய ஒலியைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அவ்வாறு பிறந்தது. உள்ளே இருப்பதைத் திறந்து பாராமல் ஓசையால் அறிவதே அதன் தத்துவம். சக்கரத்திற்கும் இது பொருந்தும்.

முதல் விதி: பழுது பார்த்தபின் தோன்றிய ஓசையை, கை பட்ட இடத்திலேயே முதலில் தேட வேண்டும். டயரில் சிக்கிய சிறு கல்லும் காரணமாகலாம் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, ஓசையை எண்ணுதல். டயரின் விட்டம் 64 செ.மீ. எனக் கொள்வோம். அதனை 22/7ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை 20 மீட்டர் தள்ளினால் சக்கரம் 10 முறை சுழலும். "டிக்" என்ற ஒலி 10 முறை கேட்டால் குறை சக்கரத்தில் உள்ளது. பின் பற்சக்கரத்தில் 40 பற்களும் செயினில் 100 கண்ணிகளும் இருப்பின், செயின் ஒரு முறை சுற்றிவரச் சக்கரம் இரண்டரை முறை சுழல வேண்டும். ஆகவே ஒலி 4 முறை மட்டும் கேட்டால் செயினின் ஏதோ ஒரு கண்ணியே காரணம். செயினைக் கழற்றி மாட்டியிருந்தால் இணைப்புக் கண்ணியின் கிளிப்பைப் பார்க்க வேண்டும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருத்தல் அவசியம்.

மூன்றாவது, ஓசையின் தன்மை.

"சர்... சர்..." என்னும் உரசல், பிரேக் ஷூ டிரம்மில் படுவதால் எழும். அச்சு நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்கினால் ஷூ நடுநிலைக்கு வரும்.

"கரகர" என்று விடாமல் ஒலித்தால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால், தேய்ந்த பேரிங் ஆட்டம் காட்டும். நட்டு தளர்ந்திருக்கும்போது எளிதாகச் சுழன்ற சக்கரம், இறுக்கியதும் கனமாகச் சுழல்கிறதா? இரு பேரிங்குகளுக்கும் இடையிலுள்ள குழாய் விடுபட்டிருக்கலாம், அல்லது வெளிப்புறப் புஷ்கள் இடம் மாறியிருக்கலாம்.

"சடசட" என்பது தொய்ந்த செயின் அடிக்கும் ஒலி. மிக இறுகினாலோ செயின் முனகும். வண்டியின் கையேடு கூறும் அளவுக்குத் தொய்வு விட்டு, இருபுறக் குறிகளும் ஒத்திருக்குமாறு அமைக்க வேண்டும்.

"டக், டக்" என்ற ஒலிக்குத் தளர்ந்த ஸ்போக்ஸ் கம்பியோ வளைந்த சாரி கார்டோ காரணமாகலாம். கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால், இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சாரி கார்டு தொல்லை தருகிறதென்று அதைக் கழற்றி எறிவது தவறு. பின் இருக்கையில் அமர்வோரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. தாவணியும் துப்பட்டாவும் அணியும் நமக்கு அது உயிர்க்காப்பு.

ஓசை எதுவாயினும், ஓட்டிப் பார்க்குமுன் காண வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், பின் பிரேக் தட்டை வண்டியோடு பிணைக்கும் கம்பி ஒன்று இருக்கும். அதை மாட்ட மறந்தால் பிரேக் பிடித்தவுடன் தட்டே சக்கரத்தோடு சுழல முயலும். பிரேக் இணைப்பு அறுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். போடிமெட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் அது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அச்சு நட்டும், அதற்குக் காட்டர் பின் உண்டெனில் அதுவும், தத்தம் இடத்தில் உள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

சில எச்சரிக்கைகள்: என்ஜின் ஓடும்போது செயின் அருகே விரலையோ ஆடையையோ கொண்டு செல்லலாகாது. பழைய பிரேக் லைனிங்குகளில் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; ஆதலால் டிரம்மின் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து சோதிக்க வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எதனால் ஓசை நின்றது என்று அறிய இயலாது. பேரிங் ஆட்டம் கண்டாலோ காரணம் புலப்படாவிட்டாலோ வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

பழுது பார்ப்பது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டில் சக்கரம் கழற்றப்படும்போது, கழற்றிய பொருள்களை வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கி வைக்கும் பொறுப்பை நாம் ஏற்போம். மாட்டி முடித்தபின் துணியில் ஒரு வாஷரும் எஞ்சவில்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியில் ஏறுவோம்.