ஏஞ்சல் மீன் முட்டைகள்

சென்னைக் கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு வண்ணமீன் வளர்ப்பே பிழைப்பு. அவர்களுக்குக் கைவந்த வேலை, கோவையில் ஆசைக்கு வளர்க்கும் நமக்குப் புதிது. ஏஞ்சல் மீன் இலைமேல் முட்டையிட்டால் துள்ளிக் குதிக்கிறோம். மறுநாள் முட்டையே இராது! பெற்ற மீன்களே தின்றிருக்கும். முதன்முறை முட்டையிடும் ஜோடிகள் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆகவே முட்டையுள்ள இலையை, அதே நீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். தாய்மீன் துடுப்பால் விசிறும் வேலையைக் காற்றுக் குழாயின் மெல்லிய குமிழிகள் செய்யும். வெளுத்த முட்டையில் பூஞ்சை பிடித்து மற்றவற்றுக்கும் பரவும். அவற்றை உடனே அகற்றுவோம். சில துளி மெத்திலீன் நீலமும் பூஞ்சையைத் தடுக்கும். 28 டிகிரி வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளில் குஞ்சு பொரியும். (மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஆகாது.) பொரித்ததும் தீனி போட்டால் நீர்தான் கெடும். வயிற்றிலுள்ள கருவுணவு தீர்ந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகே, புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.